கறுத்த ஆயிலா, பளபள ஆயிலா: மும்பையில் இரண்டு பழைய ஃபியட்

சித்தப்பா ரிட்டயர் ஆன கையோடு பழைய ஃபியட் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தேடியதில் இரண்டு தேறின. ஒன்று தாதர் பார்சி காலனியில், 1973 பிரீமியர் பிரசிடென்ட், ஒரே குடும்பத்தின் கையில் இருந்த வண்டி. இன்னொன்று செம்பூரில், புதுப்பித்து விற்கும் ஒருவரிடம், 1975 பத்மினி. கேட்ட விலை முதல் வண்டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பெயர்தான் வேறே தவிர வண்டி ஒன்றுதான். குர்லா தொழிற்சாலையில் 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்தது, 1972-ல் பிரசிடென்ட் ஆனது, 1974-ல் பத்மினி ஆனது. அதே 1089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதனால் எந்த மாடல் உசத்தி என்ற பேச்சுக்கே இடமில்லை.

துணைக்கு தாராவியிலிருந்து அண்ணாச்சியைக் கூட்டிப்போனோம். சொந்த ஊர் நாங்குநேரி. டாக்ஸி பத்மினிகளைப் பிரித்துக் கோர்த்தே தலை நரைத்தவர்.

செம்பூர் வண்டியைத்தான் முதலில் பார்த்தோம். கிரீம் கலர், கண்ணாடி மாதிரி பெயின்ட். சித்தப்பா அங்கேயே பாதி விழுந்துவிட்டார். அண்ணாச்சி பானெட் மேல் கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சூடான இன்ஜினில் காலை ஸ்டார்ட்டிங் தகராறும் தெரியாது, முதல் உறுமலில் வரும் நீலப் புகையும் தெரியாது. "நாளைக்குக் காலைல வாறோம், அதுக்கு முன்னாடி சாவியத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் ஆறரைக்குப் போனோம். ஆயில் பார்க்க வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஓடியிருந்தால் அணைத்துப் பத்து நிமிடமாவது ஆக வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி என்றால் அந்தக் கவலையே இல்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவி, பனியன் துணியால் துடைத்து, மறுபடி கடைசி வரை செருகி எடுத்தார். ஆயில் தேன் நிறத்தில் மின்னியது. ஆனால் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் அளவுக்கு நின்றது. "புது ஆயில், போன வாரம்தான் மாத்தினோம்" என்றார் விற்பவர், பெருமையாக.

அளவு கூடுதலாக இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஃபியட்டில் பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே இருக்கும். அதன் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். அண்ணாச்சி முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாடை இல்லை. விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார், ஜீராப்பாகு மாதிரி நூல் இழுத்தது. ஆக, யாரோ வேண்டுமென்றே கெட்டியான ஆயிலை நிறைய ஊற்றியிருக்கிறார்கள். தேய்ந்த பேரிங் சத்தத்தையும் புகையையும் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும் பழைய வித்தை. ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் ஓட விட்டோம். ஆயில் சூடாகி இளகியதும் ஐட்லிங்கில் சிவப்பு ஆயில் விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. ஆயில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம்.

பார்சி காலனியில் கதையே வேறு. டிப் ஸ்டிக்கில் ஆயில் கன்னங்கரேல் என்று, கீழ்க் கோட்டுக்குச் சற்று மேலே. சித்தப்பா முகம் வாடிவிட்டது. "கறுப்பா இருக்குன்னு பயப்படாதீங்க, அழுக்க இழுத்து வச்சிருக்கு, அதான் கறுப்பு" என்றார் அண்ணாச்சி. மாலைமுரசுத் தாளில் ஒரு சொட்டு விட்டார். நடுவில் கறுப்பு, சுற்றிலும் சீராகப் பழுப்பு வளையம். தண்ணீர் பிரியவில்லை, மினுமினுக்கும் உலோகத் துகளும் இல்லை.

ஒரு இடத்தில் எனக்கே திக்கென்றது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பினால் உட்புறம் மோர்க்குழம்பு நிறத்தில் பிசுக்கு. இன்ஜின் தலைக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஆனால் அப்படியென்றால் டிப் ஸ்டிக்கிலும் பால் கலந்தது போல் தெரிய வேண்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் எண்ணெய்ப் படலம் மிதக்க வேண்டும். இரண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் ஓடும் வண்டி. இன்ஜின் சரியாகச் சூடேறாமல் உள்ளே வேர்த்த ஈரம்தான் அது. வால்வ் கவர் கார்க் கேஸ்கெட்டில் கசிவும் இருந்தது. அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஒரிஜினல் பாகங்கள் விஷயத்தில் எனக்கும் சித்தப்பாவுக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை. பிரசிடென்ட்டில் எல்லாக் கண்ணாடியின் மூலையிலும் ஒரே கம்பெனி முத்திரை, ஆர்சியில் உள்ள எண்ணே இன்ஜினிலும். செம்பூர் வண்டியில் இன்ஜின் எண் வேறு. ஏர் கிளீனருக்குக் கீழே டாக்ஸிகளில் இருக்கும் சிஎன்ஜி எரிவாயுக் குழாய்க்குப் போட்ட துளையை அடைத்த தடயம் வேறு. டாக்ஸி இன்ஜின்! பின்கதவு ரப்பர் பீடிங்கை லேசாக இழுத்தால் கிரீமுக்கு அடியில் கறுப்பு பெயின்ட். காளி-பீளி என்ற கறுப்பு-மஞ்சள் டாக்ஸி பத்மினிகள் 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டே போய்விட்டன. அவற்றின் உறுப்புகள் மட்டும் இப்படி ஊரெல்லாம் சுற்றுகின்றன.

பாகம் டாக்ஸியிலிருந்து வந்தது என்பதில் எனக்குக் குறையே இல்லை. குர்லா பழைய சாமான் சந்தையில் கிடைக்கும் பழைய ஒரிஜினல் கதவும் கைப்பிடியும் இன்று அடித்து வரும் டூப்ளிகேட்டை விடப் பத்து மடங்கு மேல். டூப்ளிகேட்டில் குரோம் ஒரு மழைக்காலம் தாங்காது. சொல்லாமல் விற்பதுதான் வம்பு. இன்னொரு பக்கம், ரப்பரில் ஒரிஜினல் என்று பிடிவாதம் பிடிப்பது மடத்தனம். பார்சிப் பெரியவர் பெட்ரோல் ஹோஸைக் காட்டி, கம்பெனியில் வந்ததே இதுதான் என்றார். தொட்டால் அப்பளம் மாதிரி வெடித்தது. இருபது சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு அது தாங்காது, கசிந்தால் தீப்பிடிக்கலாம். கடையில் பெட்டி பிரிக்காமல் நாற்பது வருடம் கிடந்த பிரேக் வாஷரும் அதே கதிதான். ஹோஸ், வாஷர், பெல்ட் எல்லாம் புதிதாகத்தான் போட வேண்டும்.

இன்ஜின் எண்ணுக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய சொந்த வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பர் அப்படியே நிற்கும், புதிதாகப் பதிந்தால் விஏ (VA) வரிசை நம்பர். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. செம்பூர் வண்டியைக் கொண்டுபோனால் ஆர்டிஓவில் என்ன பதில் வரும் என்று யோசித்தாலே தலை சுற்றுகிறது.

மும்பைக்காரர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி: 2005 ஜூலை 26 அன்று வண்டி எங்கே நின்றது? அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. பெரியவர் சட்டென்று, மேட்டுப் பக்கம் நண்பர் வீட்டில் என்றார். செம்பூர்க்காரர் பேச்சை மாற்றினார். கம்பளத்தைத் தூக்கினால் தரைத் தகடு புதிது. ஓரத்து இடுக்கில் காய்ந்த சேறு.

போட்டோவுக்கு நிறுத்த மட்டும்தான் என்றால் செம்பூர் பத்மினி போதும், விலையில் பாதியைக் குறைத்தால். சித்தப்பாவை அங்கிருந்து இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிரசிடென்ட் வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் வேலையாக ஹோஸ்களை மாற்றி, 20டபிள்யூ-50 என்ற கெட்டி ரக மினரல் ஆயில் ஊற்றினோம். புதுக் கார்களுக்கான தண்ணீர் மாதிரி ஆயிலை இந்த இன்ஜினில் விட்டால் கேஸ்கெட் வழியாகத் தரைக்குத்தான் வரும். கார்க் கேஸ்கெட்டும் புதிது. இருந்தும் அடியில் விரித்த அட்டையில் தினமும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறை. சித்தப்பா காலைக் காபிக்கு முன் அதைத்தான் போய்ப் பார்க்கிறார்.