பழைய ரயிலைத் தானியங்கியாக மாற்றியமைப்பதா, புது ரயில் வாங்குவதா?

பயணிகள் இறங்கினாலும் ஓட்டுநருக்கு வேலை முடிவதில்லை. வண்டி எதிர்த்திசையில் திரும்பிப் போவதற்காக உள்ள திருப்புத் தடத்தில் காலி வண்டியை நிறுத்தி, கேபினைப் பூட்டி, மறுமுனை கேபினுக்கு நடக்க வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் புறநகர் ரயிலான எஸ்-பானின் 474 வகை ரயிலில் ஒரு தொகுதியே 66 மீட்டர். இரண்டைக் கோத்தால் 130 மீட்டருக்கு மேல் நடை, ஒவ்வொரு டிரிப்புக்கும்.

2021 அக்டோபரில் ஹாம்பர்க் இந்த நடைக்கு ஒரு வழி காட்டியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 474 ரயில்கள் நான்கில் தானியங்கிக் கருவிகளைப் பொருத்தினார்கள். பெர்லினர் டோர் முதல் ஔமூலே வரையிலான 23 கி.மீ. பகுதியில் வண்டி தானே ஓடும். ஓட்டுநர் கேபினில் இருந்து கவனிப்பார். பெர்கெடோர்ஃபில் அவர் இறங்கிக்கொள்ள, காலி வண்டி தானாகவே திருப்புத் தடத்துக்குப் போய், எதிர் நடைமேடைக்கு வந்து நிற்கும். நகர நிர்வாகமும் ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானும் சீமென்ஸும் சேர்ந்து போட்ட பணம் 60 மில்லியன் யூரோ.

பாரிஸ் வேறு வழியில் போனது. 1900இல் திறந்த மெட்ரோ ஒன்றாம் தடத்தில் நடைமேடைக் கதவுகள் பொருத்தி, புது எம்பி 05 வகை ரயில்களை இறக்கி, 2012 டிசம்பருக்குள் ஓட்டுநரே இல்லாத தடமாக்கினார்கள். அதுவரை ஓடிய எம்பி 89 ரயில்களை மாற்றியமைக்கவில்லை, நான்காம் தடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முழுக்க மூடிய மெட்ரோவுக்கு அதுதான் சரி. மற்ற ரயில்களோடு தடத்தைப் பங்கிடும் புறநகர்ச் சேவைக்கு அது எட்டாது. அங்கே என் ஓட்டு ஹாம்பர்க்குக்கு.

மூன்றாவது வழியும் உண்டு: வட அமெரிக்கச் சரக்கு யார்டுகளில் இடுப்பில் ரிமோட் பெட்டியைக் கட்டிக்கொண்டு எஞ்சினை ஓட்டுகிறார்கள். கேபினுக்கு ஏறி இறங்கும் வேலை மிச்சம்தான், ஆனால் ஆள் தடங்களுக்கு நடுவிலேயே நிற்கிறார்.

என் பயமும் அந்த ஆளைப் பற்றித்தான். திருப்புத் தடத்தில் யாருக்கும் வேலையில்லை, அதனால் தொடங்க நல்ல இடம் அது. யார்டு அப்படியல்ல. வாளியும் துடைப்பமுமாகத் துப்புரவுப் பணியாளர் குறுக்கே நடப்பார், பெட்டிக்கு அடியில் ஃபிட்டர் குனிந்திருப்பார். தடம் பிரியும் இடத்திலுள்ள பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சிக்னலுக்குத் தெரியும், அந்த ஃபிட்டரைத் தெரியாது. வண்டி முகப்பில் வைக்கும் கேமராவும் லேசர் உணரியும் முன்னே நிற்பவரைத்தான் காணும். தானியங்கி டெப்போக்களில் இதற்கென்றே சாவிப் பூட்டு உண்டு: பணியாளர் அதைத் திருப்பிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டால், அந்தத் தடத்தில் எந்த வண்டியும் தானாக நகராது. பழைய யார்டில் ரயிலை மாற்றியமைக்கும் மதிப்பீட்டில் அந்தப் பூட்டுக்கான பணம் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.