ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’: டிவிடி, ப்ளூரே, 4கே - எந்த டிஸ்க் வாங்குவது?

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ என்னிடம் டிவிடியாக இருந்தது. பிறகு 2010இல் வந்த ப்ளூரே சேர்ந்தது. இப்போது 2020இல் வெளியான 4கே பதிப்பையும் வாங்கி, மூன்றையும் ஒரே டிவியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் ஓட்டு 4கேவுக்குத்தான். ஆனால் பலர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. படம் பளிச்சென்று இருப்பது நல்லதுதான், அதற்காக மட்டும் காசு போட வேண்டுமா என்றால் யோசிக்கச் சொல்வேன். இதில் இருக்கும் சில நொடிகள் பழைய இரண்டிலும் இல்லை. என்னைப் பொறுத்தவரை விஷயமே அதுதான்.

படம் 1960இல் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் பார்க்காதவர்கள் இருப்பார்கள். அவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கொலைகாரன் யார் என்பது வரை இங்கே பேசப்போகிறேன்.

டிவிடியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சால் பாஸ் வடிவமைத்த டைட்டிலில் சாம்பல் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும். அந்தப் பட்டைகளின் விளிம்பு டிவிடியில் நடுங்கிக்கொண்டே இருக்கும். பெரிய டிவியில் பார்த்தால் முதல் நிமிடமே கண் உறுத்தும். மோட்டல் நடத்தும் நார்மன் (ஆன்டனி பெர்கின்ஸ்) காரைச் சதுப்பில் தள்ளும் ராத்திரிக் காட்சியில் மரமும் வானமும் சேறும் ஒரே கறுப்பாகிவிடும். வெளிறிய நிறக் கார் மட்டும்தான் தெரியும். கிடைக்கிற விலைக்கு வாங்கி ஒருமுறை பார்க்கலாம், அவ்வளவுதான்.

2010 ப்ளூரே அப்படி இல்லை. அது வந்தபோது பலருக்கும், எனக்கும்தான், இந்தப் படத்தை முதல்முறை ஒழுங்காகப் பார்த்த உணர்வு இருந்தது. மரியனாக நடித்த ஜேனட் லீ காரை ஓட்டியபடி யோசிக்கும் நெருக்கக் காட்சிகளில் முகத்தில் ஓடும் சின்னச் சின்ன மாற்றங்கள்கூடத் தெரிந்தன. இன்றைக்கும் அது மோசமான டிஸ்க் இல்லை. படம் கொஞ்சம் செயற்கையாகக் கூர்மையாக்கப்பட்டதுபோல எனக்குப் படுகிறது. 4கேயைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை அது யாருக்கும் தோன்றாது.

சரி, 4கேயின் படத்தரம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எச்டிஆர் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. எச்டிஆர் நிறத்துக்கு மட்டுமானது என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே எத்தனை படிகள் தெரிகின்றன என்பதும் எச்டிஆர்தான். நிறமே இல்லாத படத்தில் ஒளிப்பதிவாளர் ஜான் எல். ரஸ்ஸலின் கையில் இருந்தது அந்தப் படிகள் மட்டும்தானே! மரியன் 40,000 டாலரை எடுத்துக்கொண்டு ராத்திரி மழையில் வண்டி ஓட்டும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். எதிர்வண்டிகளின் விளக்கு அவள் கண்ணைக் கூசவைக்கிறது. 4கேயில் அது நம் கண்ணையும் கொஞ்சம் கூசவைக்கிறது. வைப்பர் தண்ணீரைத் தள்ளத் தள்ள, பேட்ஸ் மோட்டலின் விளக்குப் பலகை கலங்கலாகத் தெரிந்து பிறகு தெளிகிறது. ப்ளூரேயில் அந்தப் பலகை வெறும் வெள்ளைத் திட்டு.

கடைசிக் காட்சியும் அப்படித்தான். போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நார்மன் நிமிர்ந்து நம்மைப் பார்த்துச் சிரிப்பான். அந்த முகத்தின்மேல் தாயின் மண்டையோடு ஒரு கணம் படிந்து, அது கரைந்து சதுப்பிலிருந்து காரை இழுக்கும் காட்சி வரும். டிவிடியில் பலர் இதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். 4கேயில் பற்கள் பளிச்சென்று தெரிகின்றன.

ஆனால் தெளிவு கூடினால் சில இடங்களில் படத்துக்கே சங்கடம். துப்பறிவாளர் ஆர்போகாஸ்ட் படிக்கட்டில் பின்புறமாக விழும் காட்சி, பின்னால் திரையில் படத்தை ஓடவிட்டு, முன்னால் நடிகர் மார்ட்டின் பால்சமை உட்காரவைத்துக் கையை ஆட்டச் சொல்லி எடுத்தது. 4கேயில் அவர் வேறு, படிக்கட்டு வேறு என்று அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு காட்சி இன்னொன்றில் கரையும் இடங்களில் கிரெய்ன், அதாவது ஃபிலிமின் பொடிப்பொடியான புள்ளிகள், திடீரென்று கூடும். அந்தக் காலத்தில் அதை லேபில் இன்னொரு முறை பிரதியெடுத்துத்தான் செய்தார்கள், அதனால் அப்படி. இதைப் பார்த்து டிஸ்க்கில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கிரெய்ன்தான் ஃபிலிம், அதை அழித்தால் முகமும் சேர்ந்து மெழுகாகிவிடும். டிவியில் ஷார்ப்னெஸையும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிட்டுப் பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். இதெல்லாம் நான் வீட்டு டிவியில் பார்த்ததை வைத்துச் சொல்வது. புரொஜெக்டரில் பெரிய திரையில் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசங்கள் இன்னும் கூடவோ குறையவோ படலாம்.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், நல்ல ப்ளூரே கையில் இருப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை.

இப்போது அந்த நொடிகளுக்கு வருகிறேன். நாம் டிவிடியிலும் பழைய ப்ளூரேயிலும் பார்த்துவந்தது மூன்று இடங்களில் கத்தரி வைத்த வடிவம். ஜெர்மனியில் மட்டும் வெட்டுப்படாத காட்சிகளோடு தொலைக்காட்சியில் ஓடிவந்தது. தீவிர ரசிகர்கள் அதைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 1960இல் திரையரங்குகளில் ஓடியதே அந்த முழு வடிவம் என்று சொல்லி யுனிவர்சல் நிறுவனம் 2020 பதிப்பில் அதைச் சேர்த்தது. பழைய வடிவமும் அதே டிஸ்க்கில் இருக்கிறது, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்தாலும் அரை நிமிடம்கூட வராது. இதற்காகவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று இடங்களும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

முதல் இடம், நார்மன் எட்டிப் பார்ப்பது. அலுவலகத்தை ஒட்டிய சிறிய அறையில், பாடம் செய்த பறவைகளுக்கு நடுவே, சுவரில் மாட்டிய ஓவியத்தைக் கழற்றுகிறான். குளிக்கும் சூசன்னாவைக் கிழவர்கள் ஒளிந்து பார்க்கும் பைபிள் கதையின் ஓவியம் அது. 4கேயில் அதை நன்றாகப் பார்க்க முடிகிறது. பின்னால் ஓட்டை. அதன் வழியே மரியன் உடை மாற்றுவது தெரிகிறது. வெட்டிய வடிவத்தில், அவள் உள்ளாடையை அவிழ்க்கப்போகும் நேரத்தில் காட்சி நார்மனின் கண்ணுக்குத் தாவிவிடும். முழு வடிவத்தில் அந்தப் பார்வை இன்னும் கொஞ்சம் நீடிக்கிறது. ஆபாசமாக ஒன்றும் தெரிந்துவிடாது. ஆனால் ‘இப்போது பார்வையை விலக்கு’ என்று நம் மனது சொல்லும் இடத்தைத் தாண்டியும் படம் நம்மை அந்த ஓட்டையிலேயே நிறுத்திவைக்கிறது. பழைய வடிவத்தில் பார்த்தவன் நார்மன். இதில் அவனோடு சேர்ந்து நாமும்.

இரண்டாவதுதான் எனக்கு மிக முக்கியம். குளியலறைக் கொலைக்குப் பிறகு நார்மன் ஓடிவருகிறான், சுத்தம் செய்கிறான். ஜேனட் லீ அன்றைக்குப் பெரிய நட்சத்திரம். கதாநாயகியைப் பாதிப் படத்துக்கு முன்பே கொன்றுவிட்டால் பார்வையாளன் யாரைப் பிடித்துக்கொண்டு மீதிப் படத்தைப் பார்ப்பான்? அந்தச் சிக்கலை ஹிட்ச்காக் தீர்ப்பது இந்தச் சுத்தம் செய்யும் காட்சியில்தான். கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் நீள்கிறது. துடைப்பம், வாளி, திரைச்சீலை, கார், கடைசியில் சதுப்பு. கார் பாதி மூழ்கி நின்றுவிடும்போது, ஆன்டனி பெர்கின்ஸ் மிட்டாய் மெல்வதை நிறுத்தும்போது, மூழ்கிவிடு என்று நாமும் நினைக்கிறோம். சற்று முன் கொலையுண்டவளின் உடல் அதற்குள் இருப்பது தெரிந்தும் அப்படி நினைக்கிறோம்.

பழைய வடிவத்தில், அவன் தன் கைகளைப் பார்ப்பது சட்டென்று முடிந்து குழாயடிக்குப் போய்விடும். வேலை செய்யப்போகிறவன் கை கழுவுகிறான், அவ்வளவுதான் தோன்றும். முழு வடிவத்தில் ரத்தம் படிந்த அந்த உள்ளங்கைகளை நாம் பார்க்க நேரம் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் ரத்தம் கறுப்பாகத்தான் தெரியும். விரலிடுக்குகளில் அது படிந்திருப்பதை 4கே காட்டுகிறது. முதல்முறை பார்ப்பவருக்கு, அம்மா செய்த பாவம் தன் கையில் ஒட்டிவிட்டதே என்று தவிக்கும் பையனாக அவன் தெரிவான். இரக்கம் வரும். முடிவு தெரிந்து இரண்டாம் முறை பார்ப்பவருக்கு, அந்தக் கையில் ரத்தம் வந்தது உடலைத் தூக்கியதால் மட்டும் இல்லை, அம்மா வேடத்தில் கொன்றதே அவன்தான். அதே காட்சி, அதே நடிப்பு, இரண்டு அர்த்தமும் ஒருசேர நிற்கின்றன. அதற்கு அந்தக் காட்சி கொஞ்சம் நின்றாக வேண்டும். பழைய வடிவத்தில் நிற்கவில்லை. இத்தனை வருடம் இந்தப் படத்தை மனப்பாடமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கைகளைப் பார்த்த பிறகு பழைய ப்ளூரேயை மறுபடி போட மனம் வரவில்லை.

மூன்றாவது, ஆர்போகாஸ்ட் கீழே விழுந்தபின் கத்தி இன்னும் சில முறை இறங்குவது. இதில் மட்டும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கொடூரம் கூடுகிறது, உண்மைதான். ஆனால் வெட்டிய வடிவத்தில் அலறல் பாதியில் அறுபடுவதிலும் ஒரு வேகம் இருக்கிறது. அது பிடித்தவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

ஒலிக்கு வருவோம், இங்கே 4கே, ப்ளூரே சண்டை இல்லை. 2010லேயே மோனோ ஒலியை, அதாவது ஒரே தடத்தில் இருந்த ஒலியை, கணினி மூலம் பிரித்தெடுத்து அறையைச் சுற்றி ஒலிக்கும் 5.1 ஆக்கினார்கள். 4கேயில் டிடிஎஸ்:எக்ஸ் என்ற இன்னொரு சுற்றொலி. இரண்டிலும் மோனோவும் இருக்கிறது. தயவுசெய்து மோனோவிலேயே பாருங்கள். பெர்னார்ட் ஹெர்மன் இந்தப் படத்துக்கு வெறும் தந்தி வாத்தியங்களை வைத்தே இசை எழுதினார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை இசை. குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று இருந்த ஹிட்ச்காக், ஹெர்மன் எழுதியதைக் கேட்டு மனம் மாறினார் என்பது தெரிந்த கதை. அந்த வயலின் கீச்சல் திரையிலிருந்து நேராக நம்மேல் பாய வேண்டும். அதைப் பிரித்து அறையின் நாலு மூலைக்கும் அனுப்பினால் அழகாகப் பரவுகிறது. ஆனால் அழகாகப் பரவ வேண்டிய சத்தமா அது? இசையோடும் இசையில்லாமலும் அந்தக் காட்சியைக் காட்டும் பகுதி, கூடுதல் அம்சங்களில் இருக்கிறது. அதை மட்டும் தவறவிடாதீர்கள். மற்றக் கூடுதல் அம்சங்கள் பழைய பதிப்புகளிலிருந்து வந்தவைதான். நீளமான ஆவணப்படமும், இந்தப் படம் உருவான கதையைப் புத்தகமாக எழுதிய ஸ்டீஃபன் ரெபெல்லோ படம் ஓடும்போதே பேசும் உரைத்தடமும் நன்றாக இருக்கின்றன. ப்ளூரே வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.

இணையத்தில் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது சுலபம்தான். ஆனால் எந்த வடிவம் ஓடுகிறது என்று படத்தின் விவரத்தில் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். நார்மன் கை கழுவும் வரை காத்திருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ராத்திரிக் காட்சிகளில் கறுப்பு கட்டம் கட்டமாக உடைவதும் உண்டு. இன்றைக்கு இருக்கும் படம் அடுத்த மாதம் அங்கே இருக்குமா என்பதும் நிச்சயமில்லை.

வாங்குவதற்கு முன் பிளேயரைப் பாருங்கள். 4கே டிஸ்க்கைச் சாதாரண ப்ளூரே பிளேயர் படிக்காது. பிளேஸ்டேஷன் 4ம் படிக்காது. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் படிக்கும். 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் கோடு (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று கட்டுப்படுத்துவது) கிடையாது, எந்த நாட்டுப் பதிப்பை வரவழைத்தாலும் ஓடும். டிவிடிக்கு இந்த நிம்மதி இல்லை, அமெரிக்க டிவிடி இங்கே விற்ற பல பிளேயர்களில் மல்லுக்கு நிற்கும்.

4கே பிளேயர் இல்லை, இப்போதைக்கு வாங்கும் எண்ணமும் இல்லை என்றால் 2010 ப்ளூரேயைத் தேடி வாங்காதீர்கள். 2020க்குப் பிறகு வந்த பதிப்பா, அட்டையில் ‘அன்கட்’ என்று இருக்கிறதா என்று பார்த்து அதை வாங்குங்கள். பழைய பதிப்பு குறைந்த விலைக்குக் கிடைத்தால் கை நீளும். முன்பக்க அட்டையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், கடைக்காரரிடம் பின்பக்க அட்டையின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டே காசு கட்டுங்கள்.