மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு: சான்றிதழ் பெற்ற தரையும் சான்றிதழ் இல்லாத பசையும்

படுக்கையறைக்கும் படிக்கும் அறைக்கும் ஒரே வாரத்தில் புதுத் தரை போட்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டு அறைகளிலும் போட்ட பொருளுக்கு ஃப்ளோர்ஸ்கோர் என்னும் சான்றிதழ் இருந்தது; பொருளிலிருந்து காற்றில் கலக்கும் ரசாயன ஆவிகளின் உமிழ்வு குறைவு என்பதற்கான சான்று அது. ஆயினும் படுக்கையறையில் புது வாடை பத்து நாளில் அடங்கிவிட, படிக்கும் அறையில் அது நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்தது. கதவை மூடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கண் எரியும்.

முதலில் சான்றிதழே பொய்யோ என்று சந்தேகித்தேன். அப்படியில்லை. படுக்கையறையில் போட்டவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் லேமினேட் பலகைகள். அவற்றுக்குப் பசை வேண்டாம். படிக்கும் அறையில் போட்ட வினைலோ தரை முழுவதும் பசை தடவி ஒட்ட வேண்டிய வகை. பணியாளர் தாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கரைப்பான் கலந்த பசையைக் கொண்டுவந்தார். நானும் அதன் டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. வினைலுக்குத் தந்த சான்றிதழ் வினைலை மட்டுமே சாரும். பசைக்கும் அடியில் விரிக்கும் ஃபோமுக்கும் இதே ஃப்ளோர்ஸ்கோர் தனியாக வழங்கப்படுகிறது என்பதும், பசை போன்ற பொருட்களுக்கென்று ஐரோப்பாவில் எமிகோட் என்ற முத்திரை இருக்கிறது என்பதும், அதில் ஈசி1 பிளஸ் மிகக் குறைந்த உமிழ்வைக் குறிக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன.

சான்றிதழ் வைக்கும் உமிழ்வு வரம்பையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஃப்ளோர்ஸ்கோர் பின்பற்றும் கலிஃபோர்னியா முறையில் மாதிரியைப் பத்து நாள் பதப்படுத்தி, பிறகு சோதனைப் பெட்டகத்தில் 96 மணி நேரம் வைத்து, வெளியாகும் ஆவிகளை அளக்கிறார்கள். அந்த அளவை ஒரு மாதிரி அறைக்குக் கணக்கிட்டால், கண்ணை உறுத்தும் வாயுவான ஃபார்மால்டிஹைடு கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கணக்கில் வரும் அந்த அறைக்கு முறையான காற்றோட்டம் உண்டு. சன்னலைத் திறக்காத என் படிக்கும் அறைக்கு அது இல்லை. கடைகளில் 'ஈ1 தரம்' என்று பெருமையாகச் சொல்வார்கள். பலகைகளுக்கான அந்த ஐரோப்பிய வகுப்பின் வரம்பு 124 மைக்ரோகிராம். சோதனை முறைகள் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் ஈ1 என்று கேட்டதுமே நிம்மதி அடைய வேண்டியதில்லை.

இரண்டாம் ஆண்டில் படுக்கையறையிலும் வாடை திரும்பியது. புழுக்கமான நாட்களில் அது கூடியது. தரையைக் குற்றம் சொல்லத் தொடங்கிய பிறகுதான், சில வாரங்களுக்கு முன் வாங்கிய துகள்பலகை அலமாரி நினைவுக்கு வந்தது. இத்தகைய பலகைகளைப் பிணைக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின், வெப்பமும் ஈரமும் கூடும்போது சிதைந்து கூடுதலாக ஆவியை விடும். இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஃபார்மால்டிஹைடை அளக்கும் என்று விற்ற மலிவான கையடக்க மீட்டர் ஒன்றை வாங்கியது வீண் செலவு. கைகளில் சானிடைசர் பூசிக்கொண்டு அருகில் போனாலே அதில் எண் எகிறியது. சாராய ஆவிக்கும் ஃபார்மால்டிஹைடுக்கும் அதற்கு வேறுபாடு தெரியவில்லை.

தரை எவ்வளவு உழைத்தது என்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாற்காலிச் சக்கரம் உருளும் இடத்தில் மட்டும் வினைல் மங்கியிருக்கிறது. சான்றிதழுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சென்ற மாதம் கூடத்துக்குத் தரை மாற்றியபோது, சான்றிதழில் உள்ள பொருளின் பெயரும் தடிமனும் செல்லுபடியாகும் காலமும் பெட்டியில் அச்சிட்டவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்த்தேன். கடைக்காரர் நீட்டியது வேறொரு வரிசைக்கு உரிய, காலாவதியான தாள். சரியானது கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. ஈசி1 பிளஸ் பசைதான் வேண்டும் என்றதும் பணியாளர் முணுமுணுத்தார், ஆனாலும் கொண்டுவந்தார். சன்னல்களைத் திறந்தே வைத்திருந்தோம். ஆறாம் நாள் கூடத்தில் வாடை இல்லை.