டைமிங்சேஃப்ஈக்வலோடு மூன்று வருஷம்

போன வாரம் வண்ணார்பேட்டையிலிருந்து நண்பன் கூப்பிட்டான். "ஏல, வெப்ஹூக் சிக்னேச்சரை மூணு ஈக்வல் போட்டு ஒப்பிட்டா என்னல ஆயிரும்? நீ எதுக்கு நோடுல அந்த டைமிங்சேஃப்ஈக்வலைக் கட்டிக்கிட்டு அழுத?"

வெப்ஹூக் என்றால் வேறொரு சர்வர் நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் தகவல். அதை உண்மையான ஆள்தான் அனுப்பினார் என்பதற்கான முத்திரை சிக்னேச்சர். அதை ஒப்பிட நோட், அதாவது சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள், தரும் ஃபங்ஷன்தான் டைமிங்சேஃப்ஈக்வல். அதன் காவலில் குறை சொல்ல மாட்டேன். சாதாரண ஒப்பீடு முதல் தப்பு எழுத்திலேயே நின்றுவிடும். முன்னால் சரியான எழுத்து கூடக் கூட, நிற்பது துளி தாமதமாகும். அந்த நேரத்தை அளந்தே திருடன் சிக்னேச்சரை எழுத்தெழுத்தாக ஊகித்துவிடலாம். தேங்காயை உடைக்காமல் தட்டிப் பார்த்தே முற்றலா இளசா என்று சொல்வார்களே, அந்த வேலைதான். ஆயிரக்கணக்கில் தட்டிச் சராசரி எடுத்தால் போதும். இடையில் ரேண்டமாகத் தாமதம் செருகினாலும் சராசரியில் கரைந்துவிடும். 2003-இல் பிரம்லி, போனே என்ற ஆய்வாளர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள் கணக்குப் போடும் நேரத்தை நெட்வொர்க் வழியே அளந்து ரகசியச் சாவியையே எடுத்துக் காட்டினார்கள். டைமிங்சேஃப்ஈக்வலோ கடைசி பைட் வரை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

ஆனால் அந்த நீளப் பிரச்சினை! ஒப்பிடக் கொடுக்கும் இரண்டு பஃபரும் (பைட் வரிசையும்) ஒரே நீளம் இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லாது, எர்ரரைத் தூக்கி எறியும். பாளையங்கோட்டையில் ஓர் அல்வாக் கடைக்கு ஆர்டர் தளம் செய்திருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி ஒரு மணிக்கு ஏதோ ஒரு பாட் சிக்னேச்சர் ஹெடரில் நாலே எழுத்தைப் போட்டு அனுப்ப, சர்வர் படுத்துவிட்டது. எர்ரரைப் பிடிக்கும் ட்ரை-கேட்சும் இல்லை, தானாகத் திரும்ப எழுப்ப ஏற்பாடும் இல்லை. காலையில் அண்ணாச்சி போன்: "தம்பி, அல்வா கிண்டி வச்சாச்சு, ஆர்டர் ஒண்ணையும் காணோமே?"

இதே வேலையைச் செய்யும் பைத்தானின் கம்பேர்_டைஜஸ்டும் பிஎச்பியின் ஹாஷ்_ஈக்வல்ஸும் நீளம் வேறானால் பேசாமல் ஃபால்ஸ் தரும். இதற்கு மட்டும் என்ன கொம்பு? ஆவணத்தில் எழுதித்தான் இருக்கிறது. படிக்காதது என் தப்பு, சரி. இப்போது இரண்டு பக்கத்தையும் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் போட்டு, 32 பைட்டாக்கித்தான் அதன் கையில் கொடுக்கிறேன்.

அப்புறம், இந்தப் பூட்டைப் பார்த்துப் பார்த்து வாசலை மறந்திருந்தேன். லாகினில் இல்லாத மின்னஞ்சலுக்குப் பதில் சட்டென்று வரும். இருக்கிற மின்னஞ்சலுக்கு, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பீகிரிப்ட் என்ற மெதுவான ஹாஷ் ஓடி முடிய வேண்டும். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது; யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். ஆள் இல்லாவிட்டாலும் ஒரு டம்மி ஹாஷோடு பீகிரிப்டை ஓட்டிச் சரிசெய்தேன். பைத்தானில் வெப்தளம் கட்ட உதவும் ஜாங்கோ வெகுகாலமாக இதைச் செய்கிறது. அதிலும் பாஸ்வேர்டே வைக்காத கணக்குகள் தப்பி நின்றதை 2024 ஜூலையில் 4.2.14-இல்தான் அடைத்தார்கள்.

"பேசாம டைமிங்சேஃப்ஈக்வலையே போடு"ன்னு நண்பனிடம் சொன்னேன். அடுத்த வேலையை நான் பைத்தானில் எழுதப் போவதையும் சொன்னேன்.

"பெறவு என்னைய மட்டும் எதுக்குல மாட்டி விடுத?"