காலி கோட்டைக்குத் தனியாகப் போகிறவர்கள் கவனத்துக்கு

முதலில் ஒன்று: இலங்கையின் காலி நகரத்துக் கோட்டைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. இரவில் பூட்டுவதும் இல்லை. உள்ளே சனங்கள் குடியிருக்கும் ஊர் அது. நூதனசாலைகளுக்கு மட்டும்தான் அங்கங்கே டிக்கெட், அதையும் கவுண்டரில் அச்சிட்ட சீட்டாகத் தருவார்கள். "என்ட்ரன்ஸும் கைடும் சேர்த்து இவ்வளவு" என்று வாசலில் யாராவது கை நீட்டினால் பேச்சுக் கொடுக்காமல் நடையைக் கட்டுங்கள்.

ரயில் நிலையத்துக்கு வெளியிலேயே அடுத்த கதை காத்திருக்கும். "இன்றைக்குப் பெரஹரா (விகாரை ஊர்வலம்), பெரிய வாசல் மூடியாச்சு, சுற்றித்தான் போகணும்" என்பார் ஓட்டோக்காரர். அந்த வாசல் ஆங்கிலேயர் 1873இல் திறந்தது. கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டினால் எதிரே தெரியும், நடை பத்து நிமிடம். சுற்றிக்கொண்டு போகிற ஓட்டோ நிற்பது பெரும்பாலும் கமிஷன் தருகிற கடை வாசலில். வண்டி வேண்டுமென்றால் பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள்.

பெரிய பணம் போவது இரத்தினக்கல்லில். தனியாக வருகிறவரைத்தான் குறிவைப்பார்கள், "வேண்டாம், வா போவோம்" என்று கையைப் பிடித்து இழுக்கப் பக்கத்தில் ஆள் இல்லையே. வெளிச்சவீட்டுப் பக்கம் மதிலில் நடக்கும்போது ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். "என்னைத் தெரியேல்லையா? உங்கட ஹோட்டல் கிச்சனில் வேலை." எந்த ஹோட்டல் என்று திருப்பிக் கேளுங்கள், அதோடு பேச்சு முடியும். கேட்காவிட்டால் பழைய வாசலைக் காட்டுவார், தேவாலயத்தைக் காட்டுவார், கடைசியில் "தெரிந்த கடை", ஒரு பிளேன் டீ. வெள்ளைத் தாளில் நீலக்கல் வரும். "இன்றைக்கு மட்டும் வரி இல்லை, சென்னையில் இரட்டிப்பு விலைக்குப் போகும்." அப்படிப் போகுமானால் சென்னை வியாபாரி கல் சந்தை உள்ள பேருவளைக்கோ இரத்தினபுரிக்கோ நேரே வந்து வாங்கிவிடுவாரே, உங்கள் பையை நம்பி ஏன் இருக்கப்போகிறார்?

அடுத்து, பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைப்பார்கள். விளக்கு எரியும், "ஒரிஜினல்" என்பார்கள். அது வெப்பம் கடத்துவதை மட்டும் பார்க்கிற கருவி. ஆய்வுக்கூடத்தில் உருக்கி வளர்த்த நீலக்கல்லும் இயற்கை நீலக்கல்லைப் போல அதே குருந்தம் என்ற கனிமம்தான், பத்துக்கு அதே கடினம் 9. ஆகவே கருவியிலும் தேறும், கண்ணாடியையும் கீறும். விலைதான் மண்ணில் எடுத்த கல்லோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. பத்து மடங்கு லென்ஸில் உருண்டைக் குமிழி தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி. வளைந்த கோடுகள் தெரிந்தால் உருக்கி வளர்த்தது, இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடு நேராக, மூலை திரும்பித்தான் ஓடும். ஒன்றுமே தெரியாமல் பளிச்சென்று இருந்தால் இன்னும் கூடுதல் சந்தேகம் வேண்டும். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. "அங்கே காட்டிவிட்டுப் பணம் தருகிறேன்" என்று சொன்னதும் முகம் மாறினால் எழுந்துவிடலாம்.

காட் தேய்க்கும் முன் மெஷினில் பூச்சியங்களை எண்ணுங்கள். உங்கள் ஊர்ப் பணமா இலங்கை ரூபாவா என்று கேட்டால் ரூபாவை அழுத்துங்கள், மற்றதில் மாற்று விகிதத்திலேயே ஒரு வெட்டு விழும்.

கோட்டை மதிலோரக் கொடிப்பாறையில் கடலுக்குள் குதிக்கிற பொடியன்களைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை, கீழே பாறைக்கு நடுவேதான் குதிக்கிறார்கள். தொகையை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பழைய வாசலுக்கு கைடும் தேவையில்லை. வெளியே பிரித்தானிய இலச்சினை, உள்ளே சேவலோடு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினை, ஆண்டு 1669. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கல்வெட்டில் தமிழும் இருக்கிறது, காட்டுகிறேன் என்று யாராவது கூட்டிப்போனால் நம்பவேண்டாம். அதில் தமிழ் இருப்பதும் அது 1911இல் காலியில் கிடைத்ததும் உண்மை, ஆனால் மூலக்கல் இருப்பது கொழும்பு தேசிய நூதனசாலையில்.

ஏமாந்துவிட்டால் ஊரை விட்டுக் கிளம்பும் முன் சுற்றுலா உதவி எண் 1912க்கு அழையுங்கள். பற்றுச்சீட்டு, கடைப் பலகையின் படம், ஓட்டோ இலக்கம் மூன்றும் கையில் இருக்கட்டும். பற்றுச்சீட்டில் வெறுமனே "கல்" என்று எழுதவிடாதீர்கள். இயற்கைக் கல்லா, சூடேற்றியதா, எத்தனை கரட் என்பது எழுத்தில் இருந்தால்தான் பொலிஸிலும் பேச முடியும்.