நகரத்து வானம், ஐம்பது தாண்டிய கண், 10×50 பைனாகுலர்

பல வருடங்களாக இரவு வானத்துக்கு என்னிடம் இருந்தது 7×50 பைனாகுலர் (முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது முன்லென்ஸின் விட்டம் மி.மீ.யில்). இப்போது அதிகம் எடுப்பது 10×50. நடுவில் நகர வெளிச்சத்தில் வானம் வெளுத்துவிட்டது, எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். எக்ஸிட் பியூப்பில் என்பது இதுதான். 7×50-இல் சுமார் 7 மி.மீ., 10×50-இல் 5. இளம் வயதில் நல்ல இருட்டில் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற அது குறைகிறது, ஆளுக்கு ஆள் மாறவும் செய்கிறது. இருட்டுக்குக் கண் பழகிய பிறகு, அலென் கீயை (பல தடிமன்களில் கிடைக்கும் அறுகோணத் திருகுச்சாவி) ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு அருகே பிடித்து ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தேன். கீயின் இரு பக்கமும் வெளிச்சம் தெரிந்தால் கண்மணி அதைவிட அகலம். எனக்கு 5 மி.மீ. அளவில் நின்றுவிட்டது.

அப்படியென்றால் 7×50 என் கண்ணுக்கு வெறும் 7×35. மீதி ஒளி கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸில் பட்டு வீணாகிறது. இதில் முக்கியமான விஷயம்: வானத்தின் பின்னணி வெளுப்பு எனக்கு இரண்டிலும் ஒரே அளவுதான், ஆனால் நட்சத்திரங்களின் ஒளி மட்டும் 10×50-இல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கார்த்திகைக் கூட்டத்தில் மங்கலான நட்சத்திரங்கள் கூடுதலாகத் தெரிவது அதனால்தான். காட்சிப் பரப்பிலும் பெரிய இழப்பு இல்லை. பழையது 7 பாகை, இது 6.5. கார்த்திகைக்கு 2 பாகை போதும்.

பின்னணியே கருக்க வேண்டுமென்றால் எக்ஸிட் பியூப்பில் இன்னும் சிறுக்க வேண்டும். ஆட்டத்தைத் தடுக்கும் 12×36 ஒன்றில் பார்த்தபோது (3 மி.மீ.) வானம் நன்றாகவே இருண்டது. பரப்பு குறுகுகிறது, விலையும் அதிகம்.

அப்புறம் கண்ணாடி. வெறும் தூரப்பார்வைக் குறை என்றால் ஃபோகஸிலேயே சரிசெய்யலாம். எனக்கு அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாத குறை) உண்டு, அதை ஃபோகஸால் சரிசெய்ய முடியாது, அதனால் கண்ணாடியைக் கழற்ற முடியாது. வாங்கும்போது ஐ ரிலீஃப், அதாவது முழுக் காட்சியும் தெரியும்படி கண்ணைப் பின்லென்ஸிலிருந்து தள்ளி வைக்கக்கூடிய தூரம், 16 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். இல்லாவிட்டால் காட்சியின் விளிம்பு வெட்டுப்படும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் மாறும் புரோகிரஸிவ் கண்ணாடியில் தலையைச் சாய்த்துச் சாய்த்தே கழுத்து வலிக்கிறது. வானத்துக்கென்று தூரப்பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி செய்துகொண்டேன். மொத்தத்தில் நான் செலவழித்ததில் மிகவும் பயன்பட்டது அதுதான்.

10 மடங்கில் கை ஆட்டம் தெரியும். கைப்பிடி உள்ள சாய்வு நாற்காலியில் முழங்கையை ஊன்றினால் பெருமளவு அடங்கும். 7×50-ஐ விற்கவில்லை, நின்றபடியே பால்வீதியை மேய்வதற்கு அதன் நிலையான காட்சி இன்னும் எனக்குப் பிடிக்கிறது.