அம்மாவின் நாற்காலிக்கு எட்டாத வசனம்: 5.1 ஒலி அமைப்புடன் ஆறு ஆண்டுகள்

பெருந்துறையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் மைத்துனர், பூச்சு வேலை தொடங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். கூடத்தில் எந்த ஒலி அமைப்பை வைப்பது, அதன் வயர்களுக்காகச் சுவருக்குள் எங்கெங்கே பைப் பதிப்பது என்பது அவருடைய கேள்வி. என் வீட்டில் இருப்பதையே வாங்கிவிடலாம் என்பதுதான் அவர் எண்ணம். இங்கே வரும்போதெல்லாம் சோஃபாவின் நடுவில் அமர்ந்து அதை ரசித்துக் கேட்டவர் அவர். என்னால் உடனே சரியென்று சொல்ல முடியவில்லை. சென்ற மாதம் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர்) பழுதாகி, சரிசெய்து வாங்கி வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளவமைத்தபோது, ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருந்துவரும் ஒரு குறைக்கு உண்மையான காரணம் எது என்று தெரிந்துகொண்டேன். அது தெரிந்த பிறகு இந்த செட்டைப் பற்றிய என் மதிப்பீடு மாறிவிட்டது.

2019 தீபாவளிக்கு முன்பு ஈரோட்டில் வாங்கினேன். ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர் ஒன்று, முன்னால் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு, 10 அங்குல சப்வூஃபர் ஒன்று (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் என்பதுதான் 5.1) என எல்லாம் சேர்த்து 56,000 ரூபாய் ஆயிற்று. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ஏனெனில் நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. எங்கள் கூடம் 18 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. டிவி அகலச் சுவரில் இருக்கிறது. சோஃபா அதிலிருந்து 10 அடி தள்ளி இருக்கிறது. வலப்பக்கம் சன்னலை ஒட்டி அம்மாவின் பிரம்பு நாற்காலி. காற்று வரும், தெரு தெரியும் என்பதால் அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது நிறையவே இருக்கிறது. முதல் வாரம் சப்வூஃபரை மூலையில் வைத்திருந்தபோது, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ஒரு தாழ்ந்த சுரம் மட்டும் அறை முழுவதும் முழங்கிக்கொண்டிருந்தது. 18 அடி நீள அறை, ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 31 அதிர்வில், தானே அதிரும். மூலையில் வைத்தால் அந்த அதிர்வு முழு வலுவோடு எழும். சப்வூஃபரைத் தூக்கி சோஃபாவின் மேல் வைத்துவிட்டு, ஒரு பாட்டை ஓடவிட்டு, நான் தரையில் தவழ்ந்துபோய்ச் சுவரோரமாக ஒவ்வோர் இடத்திலும் காதை வைத்துக் கேட்டேன். டிவி மேசைக்கு இடப்பக்கம் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் தவிலின் தொப்பியும் பேஸ் கிதாரும் தனித்தனியாகக் கேட்டன. சப்வூஃபரை அங்கே வைத்தேன். அன்று முதல் இன்று வரை அதை நகர்த்தவில்லை. டைல்ஸ் தரையின் எதிரொலிக்கு டிவிக்கும் சோஃபாவுக்கும் நடுவில் ஒரு கனத்த பவானி ஜமுக்காளத்தை விரித்தேன். அந்த இரண்டு வேலைகளும் சேர்ந்து கொடுத்த மாற்றத்தை, இரண்டு மடங்கு விலை கொடுத்து வேறு செட் வாங்கியிருந்தாலும் பெற்றிருக்க மாட்டேன்.

பின் ஸ்பீக்கர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சோஃபாவுக்குச் சற்றுப் பின்னால், டிவியின் திசையை 0 டிகிரி என்று கொண்டால் ஏறத்தாழ 110 டிகிரியில், அமர்ந்தவரின் காதுக்கு இரண்டடி மேலே சுவரில் மாட்டியிருக்கிறேன். 2021-இல் ஒரு மாலை, படத்தில் மழை பெய்யத் தொடங்கியது. இடியும் இல்லை, இசையும் இல்லை, ஓட்டின் மேல் விழும் தூறல் மட்டும் பின்னாலிருந்து மெல்லக் கேட்டது. அம்மா சட்டென்று எழுந்து, கொடியில் காயும் துணியை எடுக்கக் கொல்லைப்புறம் போய்விட்டார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தத் தூறலின் ஒலி அவ்வளவு மென்மையானது. அதைக் கேட்டுத்தான் அவர் எழுந்தார் என்பதை அன்று நான் கவனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

ஏனென்றால் அதே அம்மாதான், வாங்கிய மாதத்திலிருந்து ஒரே புகாரைச் சொல்லிவந்தார்: "பாட்டெல்லாம் நல்லாத்தான் கேக்குது கண்ணு, அவங்க பேசறதுதான் ஒண்ணும் விளங்கமாட்டேங்குது." படத்தின் வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரின் வழியாகத்தான் வருகிறது. ஆகவே ரிசீவரில் நடு ஸ்பீக்கரின் அளவை 2 டெசிபெல் கூட்டினேன், பிறகு 4 டெசிபெல் கூட்டினேன். இரவு நேரப் பயன்முறையைப் போட்டு, உரத்த ஒலிகளை அடக்கி மெல்லிய ஒலிகளை உயர்த்திப் பார்த்தேன். வசனத்தைத் தெளிவாக்கும் அமைப்பு ஒன்று இருந்தது, அதையும் போட்டேன். என் இருக்கையில் நடிகர்கள் முகத்துக்கு நேரே கத்துவதுபோல் ஆயிற்றே தவிர, அம்மாவின் புகார் மாறவில்லை. சண்டைக் காட்சி வந்தால் ஒலியைக் குறைப்பதும், பேச்சு வந்தால் கூட்டுவதுமாக ரிமோட் எந்நேரமும் என் கையிலேயே இருந்தது. படம் பார்ப்பதென்றால் எங்கள் வீட்டில் இதுதான் பழக்கம் என்றாகிவிட்டது.

2022-இல் அம்மாவைக் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஒவ்வோர் அதிர்வெண்ணாக ஒலியைக் கொடுத்து, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வயதுக்கு ஏற்ற கேள்திறன் இருக்கிறது, கருவி எதுவும் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னார். திரும்பி வரும் வழியில் அம்மா ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு வசனம் புரியவில்லை என்று சொல்வதையும் நிறுத்திக்கொண்டார். படம் ஓடும்போது சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பழகிவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் சப்வூஃபர் தானாக அணைந்து அணைந்து எரியத் தொடங்கியது. ஆறு ஆண்டுகளாக ஸ்டாண்ட்பையிலேயே சூடேறிக்கொண்டிருந்ததில் உள்ளே இரண்டு கண்டென்சர்கள் உப்பிவிட்டன என்று பழுது பார்ப்பவர் கழற்றிக் காட்டினார். மாற்றித்தர 1,800 ரூபாய் வாங்கினார், சுத்தமான வேலை. வீட்டுக்குக் கொண்டுவந்து இணைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சோதனை ஒலியைத் தனித்தனியாக ஓடவிட்டேன். அருவி தூரத்தில் விழுவதைப் போன்ற, ஒரே சீரான "ஷ்ஷ்ஷ்" என்ற ஒலி அது. நடு ஸ்பீக்கரில் அது ஓடிக்கொண்டிருக்கும்போது, வயரைச் சரிசெய்வதற்காக சோஃபாவிலிருந்து சன்னல் பக்கமாக நடந்தேன். நடக்க நடக்க அந்த ஒலி மாறியது. நடுவில் நிறைந்து கேட்டது, அம்மாவின் நாற்காலியை நெருங்கும்போது, காலிக் குடத்தின் வாயில் காதை வைத்தாற்போல் உள்ளீடற்றுப் போயிற்று. பின்னோக்கி நடந்தேன், நிறைந்தது. மறுபடி நாற்காலிக்கு வந்தேன், குறைந்தது. நடு ஸ்பீக்கரைத் தூக்கி ஒரு முக்காலியின் மேல் செங்குத்தாக நிறுத்திவிட்டு, அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். குடத்துக்குள் கேட்பது போன்ற அந்தக் குறை மறைந்துவிட்டது.

காரணம் இதுதான். டிவிக்குக் கீழே அடங்க வேண்டும் என்பதற்காக நடு ஸ்பீக்கரைப் படுக்கைவாட்டில் செய்கிறார்கள். நடுவில் உச்ச ஒலிகளுக்கு ஒரு டுவீட்டர், அதன் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக, மற்ற ஒலிகளுக்கு இரண்டு சிறிய வூஃபர்கள். இரண்டு வூஃபர்களும் ஒரே ஒலியைத்தான் தருகின்றன. நேர் எதிரே அமர்ந்தவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து வலுக்கின்றன. பக்கவாட்டில் அமர்ந்தவருக்கு ஒன்று அருகிலும் மற்றொன்று தொலைவிலும் ஆகிவிடுகிறது. என் ஸ்பீக்கரில் இரண்டு வூஃபர்களின் மையங்களுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருக்கிறது. அம்மாவின் நாற்காலி ஏறத்தாழ 30 டிகிரி விலகி இருக்கிறது. ஆகவே தூர வேறுபாடு 15 சென்டிமீட்டர் வருகிறது. 1,100 ஹெர்ட்ஸ் அளவில் இது அரை அலைநீளம். ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மனிதப் பேச்சு புரிவதற்கு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிதான் பெரிதும் உதவுகிறது. அதன் வாசலிலேயே பள்ளம் விழுந்தால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. அளவைக் கூட்டுவதால் ஒரு பயனும் இல்லை, ஏனெனில் அழிக்கும் ஒலியும் சேர்ந்தே கூடுகிறது. அறையில் ஒலி எப்படிக் கேட்கிறது என்று அளக்க ரிசீவருடன் வந்த மைக்கை நான் சோஃபாவில் மூன்று இடங்களில் வைத்து அளந்தேன். அந்தப் பள்ளம் அதன் கண்ணில் படவே இல்லை. செங்குத்தாக நிறுத்தினால் இதே பள்ளம் மேலும் கீழுமாகப் போய்விடுகிறது. கூரையருகே யாரும் உட்காரப்போவதில்லை.

இதில் எனக்கு ஏற்படும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. ஸ்பீக்கர் செய்பவர்களுக்கு இது தெரியாத செய்தி அன்று. விலை கூடிய நடு ஸ்பீக்கர்களில் டுவீட்டரையும் அதன் நேர் கீழே, நடுத்தர ஒலிகளுக்கான ஒரு சிறிய மிட்ரேஞ்சையும் வைத்து, வூஃபர்களைத் தாழ்ந்த ஒலிக்கு மட்டும் பயன்படுத்தி, இந்தக் குறையைத் தவிர்க்கிறார்கள். விலை குறைந்த செட்டுகளில் தவிர்ப்பதில்லை. ஆனால் பெட்டியின் மேல், குடும்பம் முழுவதும் சோஃபாவிலும் தரையிலும் ஓரத்து நாற்காலிகளிலுமாகப் பரவி உட்கார்ந்திருக்கும் படத்தைத்தான் அச்சிடுகிறார்கள். என் கோபத்தில் ஒரு பங்கு என் மேலும் இருக்கிறது. தூறலின் "ஸ்ஸ்" என்ற மெல்லிய ஒலி காதில் விழும் ஒருவருக்கு வசனம் புரியவில்லை என்றால், குறை காதில் இல்லை என்பதை நான் 2021-இலேயே உணர்ந்திருக்கலாம். ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்திருந்தால் போதும்.

இப்போது முன் ஸ்பீக்கர்களின் அதே வகையில் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். ஒன்றுதான் தேவை, ஜோடியாகத்தான் விற்கிறார்கள், 9,500 ரூபாய். அதில் ஒன்றை டிவிக்குக் கீழே நிமிர்த்தி வைக்க, டிவியை 8 அங்குலம் மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. முன் மூன்றும் ஒரே வகை ஸ்பீக்கர் என்பதால், ஒரு கதாபாத்திரம் பேசிக்கொண்டே திரையைக் கடக்கும்போது குரலின் தன்மை மாறுவதில்லை; எதிர்பாராமல் கிடைத்த நன்மை இது. முன்பு 52-இல் வைத்துப் பார்த்த ரிசீவரின் ஒலியளவை இப்போது 44-இல் வைக்கிறோம். முதல் நாள் அரை மணி நேரம் கழிந்ததும், "கொஞ்சம் சத்தத்தக் கொறச்சு வை கண்ணு, அதான் விளங்குதே" என்று அம்மா சொன்னார். நான் சமையலறைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிசீவர் ஒருமுறைகூடத் தகராறு செய்யவில்லை. மேலே அரையடி இடம் விட்டால் போதும், ஈரோட்டு வெயிலையும் தாங்குகிறது. டிவியிலிருந்து ஒலியைக் கொண்டுவரச் சாதாரண எச்.டி.எம்.ஐ. ஆர்க் இணைப்பே ஓ.டி.டி. படங்களுக்குப் போதுமானது, டிஸ்க்கிலிருந்து சுருக்காத ஒலியை டிவி வழியாக எடுப்பவருக்குத்தான் அதன் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் தேவைப்படும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிறது. சைன் அலை இன்வெர்ட்டரில் உறுமுவதில்லை.

மைத்துனருக்கு என் பதில்: இந்த செட்டை வாங்க வேண்டாம். சப்வூஃபரையும் பின் ஸ்பீக்கர்களையும் இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமா என்று அவர் கேட்கலாம். எனக்கு இதுதான் நியாயம். கையிருப்பு குறைவாக இருந்தால், டிவியின் இருபக்கமும் நிமிர்ந்து நிற்கும் இரண்டு நல்ல ஸ்பீக்கர்களோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளட்டும். பின் சுவருக்கும் டிவியின் அடிப்பகுதிக்கும் இப்போதே முக்கால் அங்குல பைப்பைப் பதித்து, பிறகு வயரை இழுப்பதற்கு உள்ளே கம்பியை விட்டு வைக்கட்டும். ஸ்பீக்கரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், பூசிய சுவரை உடைக்க முடியாது. நடு ஸ்பீக்கர் உள்ள செட்டைப் பார்க்கக் கடைக்குப் போகும்போது அத்தையையும் அழைத்துச் செல்லட்டும். சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்ட வருவார்கள்; அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, நடு ஸ்பீக்கரில் மட்டும் ஐந்து நிமிடம் செய்தி வாசிப்பை ஓடவிடச் சொல்லி, அத்தையை ஓரத்தில் உட்கார வைத்து, செய்தியில் என்ன சொன்னார்கள் என்று கேட்கட்டும்.